இங்கிலீஷுக்கு ரெண்ட அமுக்கவும்

— அந்த ரிப்பேர்காரரு என்னா சொன்னாரு, திருப்பிச் சொல்லு ஜானகி.

— எத்தன தடவ சொல்றது? "அக்கா, இந்த ஃபில்டருக்கு ஒன்னுமே இல்ல, வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ இருக்கு"ன்னு சொன்னாரு.

— அதில்ல. அதுக்கப்புறம் வாசல் கேட்டுகிட்ட நின்னு மலாய்ல மெதுவா ஏதோ சொன்னாருல்ல, அத. நான் கிச்சன்ல கெளாஸ் கழுவிக்கிட்டு இருந்தேன், சரியா கேக்கல.

— கழுவல. ஒளிஞ்சிக்கிட்டு இருந்தீங்க.

— சரிலா, ஒளிஞ்சிக்கிட்டுத்தான் இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு முன்னால நிக்கிறது? நல்லா ஓடுற தண்ணி ஃபில்டருக்கு நாலஞ்சு தடவ ரிப்பேர்காரர வர வச்சிருக்கேன். சொல்லு, என்னா சொன்னாரு?

— அந்த போன்ல பேசுற பொண்ணு இருக்குல்ல, தேவிஸ்ரீ. அது வேலைக்குச் சேந்து இன்னும் நிரந்தரம் ஆகலயாம். அவங்க கம்பெனியில, கம்ப்ளேன மொதல்ல யாரு எடுக்குறாங்களோ கடைசி வரைக்கும் அது அவங்க பேர்லதான் இருக்குமாம். ஒங்க கம்ப்ளேன் இன்னும் மூடாமயே கெடக்கு. வெள்ளிக்கிழம சூப்பர்வைசர் ஒக்காந்து எல்லாத்தையும் பாப்பாராம். இப்புடி ஒரு கேஸ் இழுத்துக்கிட்டே இருந்தா, இந்தப் பொண்ணுக்கு வேல தெரியலன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம்.

— அலாமாக்!

— இப்ப அலாமாக். தெனம் காலையில பசியாறுன கையோட போன ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு "மை ஃபில்டர் இஸ் லீக்கிங்"னு ஆரம்பிப்பீங்களே, அப்ப எங்க போச்சு இந்த அலாமாக்?

— நான் என்னா வேணும்னா பண்ணேன்? சரி, வேணும்னுதான் பண்ணேன். ஆனா அந்தப் புள்ளைக்குக் கெடுதல் வரும்னு நெனச்சா பண்ணேன்?

— நல்லா இருக்கு ஞாயம்.

— நீயே சொல்லு. நான் ஃபேக்டரி பஸ் ஓட்டுனப்ப எவன் என்கிட்ட இங்கிலீஷ் கேட்டான்? ஏறுறது பூரா நேப்பாளி, வங்காளதேசி. "லெக்காஸ், லெக்காஸ்"னு மலாய்ல அவசரப்படுத்துனா ஏறிக்குவாங்க. அந்த ஒத்த வார்த்தையிலயே என் காலம் ஓடிருச்சு. இப்ப ஆயர் குரோ ஹோட்டல்ல வேன் ஓட்டணும்னா, ஏர்போர்ட்லேந்து வர்ற வெள்ளக்காரன்கிட்ட பேசணும்ங்குறான். வெள்ளக்காரன்கிட்ட "லெக்காஸ்"னா ஏறுவானா?

— அதுக்கு இங்கிலீஷ் பேசுற மனுசனாப் பாத்துப் பேசிப் பழகுறது.

— யாருகிட்ட? நம்ம மகன் சுரேன்கிட்ட பேசுனா அவன் பட்டாசு கொளுத்துன மாதிரி பேசுறான். நீ சிரிக்கிற. பக்கத்து வீட்டு புவனேந்திரன்கிட்ட ஒரு நாளு பேசிப் பாத்தேன், அவன் என்ன விட மோசம். நாங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ் பேசுனத பாத்துட்டு அவன் வீட்டு நாயி எந்திரிச்சு உள்ள போயிருச்சு.

— அது உண்மதான். நான் பாத்தேன்.

— அப்பதான் ஒரு நாளு நெசமாவே இந்த ஃபில்டர் ஒழுகுச்சு. போனப் போட்டேன். மலாய்க்கு ஒன்ன அமுக்கவும், இங்கிலீஷுக்கு ரெண்ட அமுக்கவும்னு சொல்லுச்சு. என் கையி தானா ரெண்டுக்குப் போயிருச்சு. அந்தப் புள்ள எடுத்து, "குட் மார்னிங் சார், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ"ன்னுச்சு பாரு. எனக்கு அம்பத்தாறு வயசு ஜானகி. என்ன இங்கிலீஷ்ல சார்னு கூப்பிட்ட மொத ஆளு அந்தப் புள்ளதான்.

— சரி, ஒழுகுச்சு. மறுநாளே வந்து வாஷர் மாத்திட்டுப் போயிட்டாங்கல்ல? அதோட விட்டிருக்கலாம்ல?

— விட்டிருக்கலாம். ஆனா புத்தகத்துல அடுத்த வார்த்த வந்திருச்சு.

— ஆமா, அந்தப் புத்தகம். புக்கிட் பெருவாங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஊறுகா வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, இங்கிலீஷ் புத்தகத்த வாங்கிட்டு வந்தீங்க. மொத வாரம் லீக்கிங். ரெண்டாவது வாரம் டிரிப்பிங். அதுக்கப்புறம் என்னமோ ஊசி போடுற மாதிரி ஒன்னு.

— ஊஸிங். லேசா கசியுறது.

— ஒரே ஃபில்டர் எப்புடிங்க ஒழுகவும் செய்யும், சொட்டவும் செய்யும், கசியவும் செய்யும்? அப்புறம் சத்தங்களப் பத்தி ஒரு பாடம் வந்துச்சு. திங்கக்கெழம ஃபில்டர் மொனகுது. செவ்வாக்கெழம கடகடங்குது. புதங்கெழம பாம்பு மாதிரி சீறுது.

— ஹிஸ்ஸிங். அந்த வார்த்த அந்தப் புள்ளைக்குப் புரியலயோன்னுதான், "லைக் ஸ்நேக்"னு ஒரு வெளக்கம் குடுத்தேன்.

— நல்லாக் குடுத்தீங்க. ரிப்பேர்காரரு கம்பு, கையொற எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு. "அக்கா, பாம்பு இன்னும் உள்ளதான் இருக்கா, பொம்பாவுக்கு போன் பண்ணிட்டீங்களா"ங்குறாரு. தீயணைப்புக்காரங்க சைரன் போட்டுக்கிட்டு வந்து பாம்பு புடிக்க எறங்கியிருந்தா, பாயா ரும்புட் ஊரு முழுக்க நம்ம மானம் போயிருக்கும்.

— ஒத்துக்குறேன். பாம்பு தப்புதான்.

— பாம்பு மட்டுமா? உணர்ச்சிப் பாடம்னு ஒன்னு வந்துச்சே, அன்னிக்காவது நிறுத்தியிருக்கலாம். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தச்சிக்கிட்டு இருக்கேன், இவரு போன்ல சொல்றாரு, "மை ஃபில்டர் இஸ் வெரி லோன்லி." எனக்கு ஊசி வெரல்ல ஏறிருச்சு.

— அந்த வார்த்தைய வேற எங்கதான் போடுறது? புத்தகத்துல, "ஒரு வார்த்தைய அன்னிக்கே ஒரு மனுசன்கிட்ட சொல்லிருங்க, இல்லாட்டி மறந்துரும்"னு போட்டிருக்கு. அந்தப் புள்ள சிரிக்கவே இல்ல தெரியுமா? "ஐ அண்டர்ஸ்டேண்ட் சார், சின்ஸ் வென்?"னு கேட்டுச்சு. எப்பலேந்துன்னு கேட்டுச்சு ஜானகி! ஒரு ஃபில்டருக்கு!

— அந்தப் பொண்ணுக்கு ரொம்பப் பொறும. நானா இருந்தா ரெண்டாவது நாளே வயரப் புடுங்கிருப்பேன்.

— போன வாரம் இறந்தகாலம் படிச்சேன். "ஃபில்டர் ஹேட் டைடு"ன்னேன். செத்துப் போயிருந்துச்சுன்னு. அதுக்கு அந்தப் புள்ள, "சாரி ஃபார் யுவர் லாஸ், சார்"னுச்சு.

— செத்த ஃபில்டர்லதான் அன்னிக்கு நீங்க தேத்தண்ணி கலக்கிக் குடிச்சீங்க.

— கிண்டல் பண்ணது போதும். இப்ப என்னா செய்றது, சொல்லு. ஒரு பாவப்பட்ட புள்ளையோட வேலைக்கு நான் ஒல வச்சிட்டேன்.

— என்னா செய்றது? போன் பண்ணி எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லுங்க.

— இத்தன நாளு பாம்பு சீறுதுன்னு சொல்லிட்டு இன்னிக்கு சரியாயிருச்சுன்னா சூப்பர்வைசர் நம்புவாரா? நான் பேசுனது பூரா ரெக்கார்டு ஆயிருக்கும். கேட்டாருன்னா, இவ்வளவு கம்ப்ளேனையும் இந்தப் பொண்ணால தீத்து வைக்க முடியலயேன்னுதான் எழுதுவாரு. அந்தப் புள்ள மேல தப்பு இல்ல, நான்தான் பொய் சொன்னேன்னு சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லணும்.

— அப்ப ஒன்ன அமுக்கி மலாய்ல சொல்லுங்க. மலாய்ல நீங்க போலீஸ்காரனையே அழ வச்சிருவீங்க.

— ஒன்ன அமுக்குனா அது வேற டிபார்ட்மெண்ட். ரெண்ட அமுக்கித்தான் பொய் சொன்னேன், உண்மையையும் ரெண்ட அமுக்கித்தான் சொல்லணும்.

— அப்ப இங்கிலீஷ்ல சொல்லுங்க. இம்புட்டு நாளு படிச்சீங்கல்ல?

— என்னத்தப் படிச்சேன்? தண்ணி ஒழுகுறதுக்கு மூனு வார்த்த தெரியுது. மன்னிப்புக்கு "சாரி"ங்குற ஒன்னுதான் தெரியுது. வெக்கமா இருக்குன்னு எப்புடிச் சொல்றது? அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் வரல.

— வெக்கப்படுற பாடம் புத்தகத்துல கடைசியிலதான் இருக்கும். போனப் போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல. போடுங்க.

— ரெண்ட அமுக்கிட்டேன். கம்ப்ளேன் நம்பரும் குடுத்தாச்சு. அடிக்குது... அடிக்குது...

— குட் மார்னிங், மிஸ்டர் ஹரிதாஸ். தேவிஸ்ரீ ஸ்பீக்கிங். ஹவ் இஸ் தி ஃபில்டர் டுடே?

— குட் மார்னிங், மிஸ். தி ஃபில்டர் இஸ்... ஃபைன்.

— ஃபைன்?

— யெஸ். வெரி ஃபைன். ஆல்வேஸ் ஃபைன். ஐ அம் நாட் ஃபைன்.

— ஏங்க, விசயத்துக்கு வாங்க.

— ஸ்ஸ், ஜானகி! மிஸ், ஐ வாண்ட் டாக் யுவர் சூப்பர்வைசர்.

— சூப்பர்வைசர்? ஒய், சார்?

— பிகாஸ் ஐ லை. எவ்ரிடே லை. நோ லீக்கிங். நோ ஸ்நேக். ஃபில்டர் நாட் டை. ஐ ஒன்லி வாண்ட் டு லேர்ன் இங்கிலீஷ். யூ நோ ராங், மிஸ். ஐ ராங். ஐ டெல் ஹிம், யூ டோண்ட் லூஸ் யுவர் ஜாப். ஹலோ? மிஸ்?

— தேங்க் யூ ஃபார் காலிங், மிஸ்டர் ஹரிதாஸ். வீ வில் கெட் பேக் டு யூ. ஹேவ் எ நைஸ் டே.

— ஹலோ? ஹலோ? ...வச்சிருச்சு.

— வச்சிருச்சா?

— வச்சிருச்சு ஜானகி. ஒரு நாளும் இப்புடி வச்சதில்ல. எப்பவும் "எனிதிங் எல்ஸ், சார்?"னு கேக்கும். அந்த "எனிதிங் எல்ஸ்"ஸுக்காகவே நான் தனியா ஒரு வார்த்த மிச்சம் வச்சிருப்பேன்.

— கோவம் வராதா பின்ன? ஊருல ஒரு மனுசன் தன்ன வச்சு இத்தன நாளா பாடம் படிச்சிருக்கான்னு தெரிஞ்சா.

— பேசுனேன் பாரு ஒரு பேச்சு. "ஐ லை." "ஐ ராங்." ஒரு "ஹேட்" உண்டா, ஒரு "வாஸ்" உண்டா? பொய் சொல்றப்ப இலக்கணமெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. உண்மைய சொல்லணும்னதும் ஒன்னையும் காணோம். எல்லாம் லீவு போட்டிருச்சு.

— ஆனா புரிஞ்சிச்சிங்க.

— என்னா புரிஞ்சிச்சி?

— நீங்க பேசுன இங்கிலீஷ். எனக்கே புரிஞ்சிச்சி. மத்த நாளெல்லாம் ஒன்னும் புரியாது, சும்மா சிரிப்பேன். இன்னிக்கி சிரிப்பு வரல.

— நெசமாவா சொல்ற?

— போன் அடிக்குது பாருங்க.

— தெரியாத நம்பரு. கைத்தொலைபேசி நம்பரா இருக்கு. சூப்பர்வைசர்தான்! அந்தப் புள்ள சொல்லிருச்சு. ஜானகி, என் சட்டைய எடு.

— போன்ல என்னாத்துக்கு சட்ட?

— கைலியோட மன்னிப்புக் கேட்டா மரியாதையா இருக்குமா? சரி, விடு. ஹலோ. குட் மார்னிங், சார். ஐ அம் ஹரிதாஸ். ஐ அம் லயர்.

— அங்கிள்...

— யெஸ், சார். மிஸ் தேவிஸ்ரீ வெரி குட் கேர்ள், சார். நோ ராங்.

— அங்கிள், அங்கிள், நான்தான் தேவிஸ்ரீ. தமிழ்லயே பேசுங்க. சொந்த போன்லேந்து அடிக்கிறேன். ஆபீஸ் படிக்கட்டுல நிக்கிறேன், சத்தமாப் பேச முடியாது, சரிங்களா?

— மிஸ்ஸா! என்னாங்க மிஸ் இது, நம்ம ஊருப் பேச்சால்ல இருக்கு?

— ஊரு பெம்பான், அங்கிள். எங்கப்பா இன்னும் எஸ்டேட்லதான் லோரி ஓட்டுறாரு. நான் மட்டும் வேலைக்கு கோலாலம்பூர் வந்து ரூம்ல இருக்கேன்.

— நான் ஒங்கள கேஎல்லயே பொறந்து வளந்த பெரிய வீட்டுப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்! செய்தி வாசிக்கிற மாதிரி இங்கிலீஷ் பேசுவீங்களே, நான் இங்க ஒங்களுக்குப் பயந்து நிமுந்து ஒக்காந்துல்ல பேசுவேன்!

— வாசிக்கத்தான் செய்றேன், அங்கிள். "குட் மார்னிங்"லேந்து "நைஸ் டே" வரைக்கும் முன்னால ஒரு தாள்ல ஒட்டி வச்சிருக்காங்க. தாள்ல இல்லாதத யாராவது கேட்டா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நீங்க பேசுனதும் தாள்ல இல்ல. அதான் பயந்துபோயி வச்சிட்டேன். மன்னிச்சிருங்க.

— நீங்க ஏம்மா மன்னிப்புக் கேக்குறீங்க? நான்தான் கேக்கணும். சூப்பர்வைசர்கிட்ட குடுங்க. இங்கிலீஷ்லயோ அழுகையிலயோ நான் சொல்லிருறேன்.

— அய்யோ, வேணாம், அங்கிள். அவருகிட்ட மட்டும் போயிராதீங்க. நீங்க உண்மைய சொன்னாதான் என் வேல போகும்.

— அது எப்புடிம்மா? பொய் சொன்னது நானு.

— ஏங்க, போன இப்புடிக் குடுங்க. அம்மா தேவிஸ்ரீ, நான் அவரு வீட்டுக்காரி ஜானகி. ஒன்னும் பயப்படாத. இவரு பண்ணதுக்கு ஒன்ன ஏன் தண்டிக்கிறாங்க?

— ஆன்ட்டி, மொத தடவ டெக்னீசியன் வந்துட்டுப் போன அன்னிக்கே, எல்லாம் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்துட்டாரு. ஒரு பட்டன்தான். நான் அன்னிக்கே கேஸ மூடியிருக்கலாம்.

— அப்ப ஏம்மா மூடல? சொல்லும்மா. வையமாட்டோம்.

— மத்த கஸ்டமர்லாம் நான் ரெண்டு வார்த்த தடுமாறுனா, "இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளக் கூப்பிடு"ன்னு கத்திட்டு வச்சிருவாங்க, ஆன்ட்டி. அங்கிள் ஒருத்தருதான் நான் வார்த்தைய தேடிப் புடிச்சுப் பேசுற வரைக்கும் காத்திருப்பாரு. அவரும் மெதுவாத்தான் பேசுவாரு. கேஸ மூடிட்டா அடுத்த தடவ அங்கிளோட போனு வேற யாருக்காவது போயிரும். அதான் மூடல.

— அடக் கடவுளே. ஏங்க, கேட்டுச்சா?

— ஸ்பீக்கர்லதான இருக்கு, கேட்டுச்சு. அப்ப பாம்பு? பாம்பு இல்லேன்னு தெரியுமா ஒனக்கு?

— தெரியும், அங்கிள். ஆனா ஆள அனுப்பலேன்னா கேஸ் தானா மூடிக்கும். அந்த டெக்னீசியன்தான் பாவம்.

— அவருகிட்ட நான் நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுக்குறேன், மலாய்ல. அது எனக்கு வரும். அப்ப அந்த லோன்லி?

— அது எனக்கு ரொம்பப் புடிச்சிச்சு, அங்கிள். அர்த்தம் சரியாத் தெரியாமத்தான் "அண்டர்ஸ்டேண்ட்"ன்னேன். ரூமுக்குப் போயி போன்ல தேடிப் பாத்தேன். இங்க வந்ததுலேந்து எனக்கு இருக்குறதுக்குப் பேரு அதுதான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அங்கிள்? வச்சிட்டீங்களா?

— இல்லம்மா. இருக்கேன். இப்ப என்னா செய்யணும், அத சொல்லு. ஒன் வேல போகக் கூடாது.

— இன்னிக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள ஒரு தடவ ரெண்ட அமுக்கிக் கூப்பிடுங்க. "ஐ அம் சாட்டிஸ்ஃபைட் வித் த சர்வீஸ்"னு மட்டும் சொல்லுங்க. திருப்தின்னு அர்த்தம். வேற ஒரு வார்த்தையும் பேசாதீங்க, சரிங்களா? கஸ்டமரே திருப்தின்னு சொல்லிட்டா நான் மூடிருவேன். மூடுன கேஸ யாரும் தொறந்து கேக்க மாட்டாங்க.

— சாட்டிஸ்ஃபைட். சாட்டிஸ்ஃபைட். இந்த வார்த்தைய மட்டும் நெசமாச் சொல்லுவேன்மா. அதோட முடிஞ்சிரும்ல? வெள்ளிக்கிழம ஒனக்குப் பிரச்சன இல்லியே?

— கேஸு பிரச்சன இல்ல. ஆனா நிரந்தரம் ஆக்கணும்னா அன்னிக்கு என்ன நேர்ல ஒக்கார வச்சு இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்க, அங்கிள். தாளு இருக்காது. கேஸ மூடிட்டா நாளையிலேந்து நான் யாருகிட்டப் பேசிப் பழகுறது?

— எனக்கும் அடுத்த வாரம் ஹோட்டல்ல இண்டர்வியூ. நான் மட்டும் யாருகிட்டப் பேசுறது? மறுபடியும் புவனேந்திரனும் அவன் நாயும்தான்.

— அதான் ஒன்னு கேக்கலாம்னு... நாளைக்குக் காலையில, நான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, நானே ஒங்களக் கூப்பிடுறேன். நீங்க ஆபீசரா இருங்க, அங்கிள். நான் கஸ்டமரு. என் ரூம்ல ஃபேன் சுத்த மாட்டேங்குது, கம்ப்ளேன் எடுத்துக்குங்க.

— என்னம்மா தேவிஸ்ரீ, இந்த வெயில்ல ஃபேன் கெட்டுப்போயா கெடக்குற?

— இல்லீங்க, ஆன்ட்டி. நல்லாத்தான் சுத்துது.